ஆயில் அவருக்கு, கெடு இவருக்கு

சகலைகள் இருவர் சேர்ந்து ஒரு வேன் வாங்கினால் என்ன ஆகும் என்று அனுபவப்பட்டவர்களிடம் கேட்டால், சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். இந்த வீட்டில் வேன் மட்டுமா பொது? கீழ்த்தளத்தில் லாண்ட்ரி, அதற்கு மேலே அக்கா குடும்பம், அதற்கும் மேலே தங்கை குடும்பம். துணி காயப்போடும் கொடி பொது, தண்ணீர்த் தொட்டி பொது, மாடிப்படி பொது. சண்டை போட வசதியான வீடு என்று சொன்னால் தப்பில்லை.

ஆனால் சண்டை வளர்ந்ததே இல்லை. காரணம் பெரியவள். அக்கா தங்கை இருவரில் மூத்தவள். யாருக்கு யாரோடு வாக்குவாதம் வந்தாலும், ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி நடுவில் வந்து நிற்பாள். ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் நகருவாள். பெயர்ப்பலகைக்கு நீலம் வேண்டும் என்றார் ஒரு சகலை, பச்சை வேண்டும் என்றார் இன்னொருவர். மேல்பாதி நீலம், கீழ்பாதி பச்சை. பார்க்கச் சகிக்காது. ஒருவருக்கு டீயில் சர்க்கரை தூக்கலாக இருக்க வேண்டும், இன்னொருவருக்குச் சர்க்கரையே ஆகாது. எல்லோருக்கும் அரைச் சர்க்கரை போட்டுக் கொடுப்பாள், இருவரும் முகம் சுளிக்காமல் குடிப்பார்கள். பக்கத்துக் கடைத் தையல்காரர் அவளுக்குத் தராசு என்று பெயர் வைத்திருந்தார். அதைக் கேட்டு அவள் கோபித்துக்கொண்டதே இல்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

அவளுக்கு ஒரு பயம் உண்டு. ஒருவரைப் பார்த்து நீங்கள் சொல்வது சரி என்று சொல்லிவிட்டால், மற்றவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். முகத்தைத் தூக்கினவர் நாளைக்குப் பெட்டியைத் தூக்குவார். மேல்மாடி காலியாகும், லாண்ட்ரி பாதியாகும், தங்கை எங்கேயோ ஒரு தெருவில் தனியாகத் துணி வெளுத்துக்கொண்டிருப்பாள். இந்த வீடு ரெண்டாகக் கூடாது. மற்றதெல்லாம் அவளுக்கு அப்புறம்தான்.

ஆயில் சண்டை வந்தது, வேனுக்குக் கம்பெனிக்காரர்களின் இலவச சர்வீஸ் எல்லாம் முடிந்து, இனி உங்கள் வண்டி உங்கள் பாடு என்று ஆனபோது. மத்தியான நேரம். சகலைகள் இருவரும் லாட்ஜ் படுக்கை விரிப்பு ஒன்றை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாரம் ஏத்தற வண்டி இது," என்றார் மூத்த சகலை, பெரியவளின் கணவர். பல வருஷம் லாரி ஓட்டியவர். "கெட்டியான ஆயில்தான் ஊத்தணும். மெலிசா ஊத்தினா தண்ணி மாதிரி ஓடிடும். அஞ்சாயிரம் கிலோமீட்டர் ஆனதும் கீழ கொட்டிட்டு புதுசா ஊத்திடணும். அதுல கஞ்சத்தனம் பாக்கக் கூடாது."

"அண்ணே, அது லாரி," என்றார் இளைய சகலை. "இந்த என்ஜின்ல ஆயில் போற வழியெல்லாம் ஊசித் துவாரம். மெலிசான ஆயில்தான் உள்ள போகும். நல்ல சிந்தெடிக் ஆயிலா வாங்கி ஊத்தினா பத்தாயிரம் வரைக்கும் திறந்தே பாக்க வேண்டாம்."

"பத்தாயிரமா? ரோட்டுக்குப் போடற தார்தான் வரும்."

"கறுத்துட்டா கெட்டுப் போச்சுன்னு யாரு சொன்னது? அழுக்க இழுத்து வெச்சிருக்குன்னு அர்த்தம்."

"அழுக்க வெச்சுக்கிட்டு ஓட்டுவியா நீ? போட்ட சட்டையையே பத்து நாள் போடுவியா?"

இப்படிப் பேசப் பேச இருவருடைய கையும் விரிப்பை இழுத்தது. நடுவில் அது முறுக்கிக்கொண்டு நின்றது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பெரியவள் வந்தாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கணவருக்குக் காது சிவந்திருந்தது, தங்கை கணவருக்கு மூக்கு விடைத்திருந்தது.

"போதும், விரிப்பு கிழியப் போகுது," என்றாள். "என்ன ஆயில்ங்கறத அவர் முடிவு பண்ணட்டும். எப்ப மாத்தறதுங்கறத தம்பி முடிவு பண்ணட்டும். ஆளுக்கொண்ணு. சரிதானே?"

இருவரும் தலையாட்டிவிட்டு விரிப்பைத் தளர்த்தினார்கள். ஆயிலை ஏன் கணவருக்குக் கொடுத்தாள் என்றால், அவர் மூத்தவர். வாங்குவது முதல் வேலை, மாற்றுவது இரண்டாவது வேலை. முதல் வேலை மூத்தவருக்கு. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. அன்று சாயந்திரம் வரைக்கும் ஏதோ பெரிய முடிச்சை அவிழ்த்துவிட்ட மாதிரி இஸ்திரி போடும்போது முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள். தங்கை சின்னவள்கூடக் கேட்டாள், என்னக்கா, இன்னைக்கு ரொம்ப குஷியா இருக்கியேன்னு.

ஆக, கெட்டி ஆயில், பத்தாயிரம் கிலோமீட்டர். ஒரு சட்டையை நடுவில் கிழித்து ஆளுக்கொரு கை கொடுத்தால் சண்டை ஓய்ந்துவிடும்தான். போட்டுக்கொள்ளத்தான் முடியாது. இதை அந்த வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

வேன் ஓடியது. ஓட்டம் என்ன ஓட்டம்? ஒரு லாட்ஜில் அழுக்கு மூட்டை ஏற்று, இரண்டு தெரு தள்ளிக் கிளினிக்கில் வெளுத்ததை இறக்கு, அணை, ஏறு, மறுபடி கிளப்பு. நாள் முழுக்க இதே கதை. என்ஜின் சூடாகி ஒரு நிலைக்கு வருவதற்குள் அடுத்த வாசல் வந்துவிடும். குளிர் மாதங்களில் காலையில் கிளப்பும்போது என்ஜினின் மேல்பக்கத்திலிருந்து டக டக என்று ஒரு சத்தம் வரும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். பெரியவள் ஜன்னலிலிருந்து சில நாள் பார்த்திருக்கிறாள். கணவர் தனியாக நின்று முன்மூடியைத் திறந்து, ஆயில் அளக்கிற கம்பியை உருவித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகுவார். இன்னொரு நாள் தங்கை கணவர் கம்பி நுனியை விரலில் தொட்டுத் தேய்த்து முகர்ந்துகொண்டிருந்தார். பரவாயில்லை, ஆளுக்கு ஆள் அக்கறையாகத்தான் இருக்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பத்தாயிரத்துக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கும்போது வேன் நடுத்தெருவில் நின்றது. இளைய சகலைதான் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆயில் லைட் சிவப்பாக எரிந்ததும் சட்டென்று ஓரம் கட்டி அணைத்துவிட்டார். அணைப்பதற்கு முன்னால் உள்ளேயிருந்து சுத்தியலால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதாகப் போனில் சொன்னார். வேனுக்குள் கிளினிக்கின் விரிப்புகள். சின்னவள் ஒரு வாடகை வண்டி பிடித்து அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஓடினாள். வேனைக் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். பெரியவள் கொதிகலனை அணைத்து, கடைக்கதவைச் சாத்திவிட்டு, நேரே மெக்கானிக் ஷெட்டுக்குப் போனாள். அவளுக்கு என்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது. இரண்டு பேரும் அங்கே ஒன்றாக இருப்பார்கள், நடுவில் ஆள் வேண்டுமே என்றுதான் போனாள்.

ஷெட்டின் தரையில் மரத்தூள் கொட்டியிருந்தது. எண்ணெய் குடித்துக் குடித்து அது கறுத்துக் கிடந்தது. சுவரோரம் ஏதோ பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிய சீட் ஒன்று. மெக்கானிக் வாயாடி. வேலையில் கை எவ்வளவு வேகமோ அதைவிட வாய் வேகம். ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகி எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பால் அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி இருந்தது. பிறகு வண்டிக்கு அடியில் போய், ஆயில் தேங்குகிற சட்டியைக் கழற்றி வெளியே தள்ளினார். அதன் அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கறுப்புச் சேறு.

"இது என்ன ஆயிலா, ஷூ பாலிஷா?" என்றார். "ஆயில உறிஞ்சற சல்லடை முழுக்க அடைச்சுக் கெடக்கு. பாவம், என்ஜின் எத உறிஞ்சும்? இத யாரு பாத்துக்கிட்டது?"

"ஆயில் வாங்கினது நான்," என்றார் மூத்த சகலை. "எப்ப மாத்தறதுங்கறது என்னோட பொறுப்பு இல்ல."

"பத்தாயிரம்னு சொன்னது நான். ஊத்தின ஆயில் நான் சொன்னது இல்ல," என்றார் இளைய சகலை.

மெக்கானிக் கையைத் துடைத்தபடி இருவரையும் பார்த்தார். "ஒருத்தரா பதில் சொல்லுங்கப்பா. இந்த என்ஜினுக்கு மெலிசு ஆயில்தான். காலைல சில்லுன்னு இருக்கும்போது டக்குன்னு மேல ஏறணும் இல்ல? மெலிசுன்னு உங்கள்ல யாராவது சொன்னீங்களா?"

இளைய சகலை கையைத் தூக்கினார், வகுப்பில் தூக்குகிற மாதிரி.

"ஆனா உங்க ஓட்டம் ஊருக்குள்ள ஓட்டம். வாசலுக்கு வாசல் நின்னு நின்னு போறது. பத்தாயிரம்லாம் நெடுஞ்சாலைல நிக்காம ஓடறவனுக்கு. நீங்க எவ்வளவு நல்ல ஆயில் ஊத்தினாலும் அஞ்சுல மாத்தணும், மிஞ்சிப் போனா ஆறு. அஞ்சுன்னு யாராவது சொன்னீங்களா?"

மூத்த சகலை தொண்டையைச் செருமினார்.

"அட, ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணு சரியாத்தானே சொல்லியிருக்கீங்க," என்றார் மெக்கானிக். "அப்புறம் யாருய்யா அத இப்படித் தலைகீழா மாத்திப் போட்டது?"

கணவர் கூரையைப் பார்த்தார். தங்கை கணவர் குனிந்து டயரைப் பார்த்தார். இருவரில் ஒருவர்கூட அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

"நான்தாங்க," என்றாள் பெரியவள்.

மெக்கானிக்குக்கு அதற்கு மேல் அதில் அக்கறை இல்லை. உள்ளே பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், தேய்ந்திருந்தால் என்ஜினையே இறக்க வேண்டியதுதான், உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு மறுபடி அடியில் போய்விட்டார். மூவரும் பஸ் சீட்டில் வரிசையாக உட்கார்ந்தார்கள். வழக்கம்போல அவள் நடுவில்.

அவளுக்கு அன்றைய மத்தியானம் அப்படியே கண்ணில் ஓடியது. ஒருத்தர் எண்ணெயைப் பற்றிச் சரியாகச் சொன்னார், ஒருத்தர் கெடுவைப் பற்றிச் சரியாகச் சொன்னார். பார்த்துக் கொடுத்திருந்தால் இதே பங்கை அப்படியே மாற்றிக் கொடுத்திருக்கலாம். என்ஜின் புதுசு போல ஓடியிருக்கும், இரண்டு பேருக்கும் ஆளுக்கொன்று கிடைத்தும் இருக்கும். அவரவருக்கு எது தெரியாதோ அதைத் தேடிப் பிடித்து அவரவர் கையில் கொடுத்திருக்கிறாள். ஏன் இப்படி என்று யோசித்தபோது, பதில் ஒன்றும் பெரிதாக இல்லை. அவள் அன்றைக்கு ஆயிலைப் பற்றி ஒரு நொடிகூட நினைக்கவில்லை. சிவந்த காதையும் விடைத்த மூக்கையும்தான் பார்த்தாள். இத்தனை வருஷமாகவும் அதை மட்டும்தான் பார்த்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. பிடுங்கித் தின்கிற வெட்கம்.

சின்னவள் விரிப்புகளைக் கொடுத்துவிட்டு வியர்க்க வியர்க்க வந்து சேர்ந்தாள். மூவரும் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் தூணில் சாய்ந்து நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் மெக்கானிக் வெளியே வந்தார். "பொழைச்சுது," என்றார். "லைட் எரிஞ்சதும் அணைச்சீங்க பாருங்க, அதனால தப்பிச்சீங்க. இன்னும் ரெண்டு தெரு ஓட்டியிருந்தா முடிஞ்சுது. எல்லாத்தையும் கழுவி சல்லடைய மாத்தித் தரேன்."

எல்லோரும் மூச்சு விட்டார்கள். இத்தோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். பெரியவளால் முடியவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் எழுந்தால் இனி எப்போதும் சொல்ல மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. முதலில் கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, ஆயில் விஷயத்துல நீங்க சொன்னது தப்பு."

பிறகு மறுபக்கம் திரும்பினாள். "தம்பி, பத்தாயிரம்னு நீங்க சொன்னதும் தப்பு."

கல்யாணமான நாளிலிருந்து கணவரைப் பார்த்து அந்த வார்த்தையை அவள் சொன்னதில்லை. தங்கை கணவரிடம் சொல்ல நினைத்ததுகூட இல்லை. சொல்லிவிட்டு, யார் முதலில் எழுந்து வாசலைப் பார்க்க நடக்கப் போகிறார்கள் என்று மரத்தூளையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"தெரியும்," என்றார் கணவர்.

"என்ன தெரியும்?"

"கெட்டி ஆயில் இதுக்கு ஆகாதுன்னு. போன குளிர்லயே தெரியும். காலைல மேல டக டகன்னு அடிச்சுதே, ஆயில் ஏறலன்னுதானே அர்த்தம். இவ்வளவு வருஷம் வண்டி ஓட்டினவனுக்கு இது தெரியாதா?"

"அப்ப மாத்தியிருக்கலாம்ல?"

அவர் பக்கத்தில் கிடந்த அழுக்குத் துணி ஒன்றை எடுத்து மடித்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார். இளைய சகலைதான் பேசினார்.

"எனக்கும் தெரியும்க்கா. பாதி தூரத்துலயே ஆயில விரல்ல தேச்சுப் பாத்தேன், நெருடிச்சு. பத்தாயிரம்னு நான் சும்மா ஏத்திதான் சொன்னேன். அண்ணன் அஞ்சுன்னா நான் பத்துன்னாதானே ஏழுலயோ எட்டுலயோ வந்து நிப்பாரு. நீங்க பத்தையும் முழுசா என் கையில குடுத்துட்டீங்க. அப்புறம் எறங்கி வர ஒரு மாதிரியா இருந்துச்சு. ஒரு நாள் அண்ணன்கிட்டயே போய்ச் சொன்னேன். அண்ணே, ஆயில நான் சொன்னதா மாத்திடுங்க, கெடுவ நீங்க சொன்னதா வெச்சுக்கலாம்னு."

"ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்களா?" என்றாள் பெரியவள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"பேசினோம்," என்றார் கணவர். "நான்தான் வேண்டாம்னேன். நீ அத சொல்லிட்டு அன்னைக்குப் பூரா பாடிக்கிட்டே இஸ்திரி போட்டே. அத எப்படி மாத்தறது? இந்தக் கெடு முடியட்டும், அடுத்த தடவை உனக்குத் தெரியாம மாத்திக்கலாம்னு விட்டோம். அதுக்குள்ள இது நின்னு போச்சு."

அவள் தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். தூணில் சாய்ந்திருந்த சின்னவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உனக்கும் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமாடி சொல்லல?"

"நீ அழுதுடுவேன்னு பயம்க்கா எங்களுக்கு," என்றாள் சின்னவள்.

அழத்தான் அழுதாள். யாரும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். முதலில் கோபம்தான் வந்தது. ஒரு என்ஜினே போக இருந்ததே, என் முகம் வாடக் கூடாது என்பதற்காகவா? அப்புறம் கோபம் போய், எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத ஒன்று வந்தது. இத்தனை காலம் இவர்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது தான்தான் என்று நினைத்திருந்தாள். இவர்களோ சண்டையே இல்லாத இடத்தில்கூட அவளுக்காகச் சண்டைக்காரர்கள் மாதிரி நின்றிருக்கிறார்கள். மூவரும் சேர்ந்து பிடித்துக்கொண்டிருந்தது அவளை.

இந்தக் குடும்ப நாடகம் எதுவும் மெக்கானிக்கின் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. அலமாரியிலிருந்து இரண்டு ஆயில் டப்பாக்களை எடுத்து வைத்துவிட்டு, "சரி, எத ஊத்தட்டும்? அடுத்து எப்ப மாத்தறீங்க? கண்ணாடில சீட்டு ஒட்டணும், சொல்லுங்க," என்றார்.

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

அவள் நாக்கு நுனியில் வார்த்தை தயாராக இருந்தது. ஆயில் தம்பி சொல்வது, கெடு இவர் சொல்வது. இந்த முறை அது சரியான பங்குதான். மெக்கானிக்கே சாட்சி. சொல்லியிருந்தால் எல்லோரும் தலையாட்டியிருப்பார்கள். அதனால்தான் அவள் சொல்லவில்லை.

"எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது," என்றாள். "நீங்களே பேசி முடிவு பண்ணிக்கோங்க."

சொல்லிவிட்டு எழுந்து வெளியே தெருவுக்கு வந்தாள். சின்னவளும் பின்னாலேயே வந்து பக்கத்தில் நின்றாள். எதிர்க்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஷெட்டுக்குள்ளிருந்து கணவரின் குரல் கேட்டது, அஞ்சுன்னா அஞ்சுதான் என்று. நல்ல ஆயில் ஊத்தறோமேண்ணே, ஆறு வரைக்கும் தாங்கும் என்றது இளைய சகலையின் குரல். நீ இப்படித்தான் அன்னைக்கும் சொன்னே. நீங்க மட்டும் அன்னைக்கு என்ன சொன்னீங்க? குரல் ஏறியது. யாரோ வண்டி மேல் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார்கள்.

"உள்ள போய் ஒரு வார்த்தை சொல்லுக்கா," என்றாள் சின்னவள். "சண்டை ஆயிடப் போகுது."

பெரியவளின் கால் தானாக ஒரு அடி எடுத்து வைத்தது. ஐந்தரை என்று சொன்னால் முடிந்துவிடும். அவள் சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டாள், தான் போய்விடாமல் இருப்பதற்காக.

"ஆகட்டும்," என்றாள்.

உள்ளே இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். பயம் போகவில்லை. ஆனாலும் அவள் அங்கேயேதான் நின்றாள்.